நாலு கிலோ டிப்ளெக்சர்

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்த ராயம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஸ்டெஃபி, பெங்களூரில் மைக்ரோவேவ் கருவிகள் வடிவமைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். இளையவன் ஃபிராங்க்ளின், அப்படிப்பட்ட கருவிகளைச் செல்போன் டவரில் ஏறி மாட்டுகிறவன்.

டவரில் ஒரே ஆன்டெனா வழியாகத்தான் அலை போகவும் வேண்டும், வரவும் வேண்டும். இரண்டும் கலந்துவிடாமல் பிரிப்பது டிப்ளெக்சர். அலுமினியக் கட்டிக்குள் வரிசையாக அறைகள் குடைந்து செய்வார்கள்.

"பதினோரு கிலோ இருக்குதுக்கா அந்த டிப்ளெக்சர் பொட்டி," என்றான் ஃபிராங்க்ளின், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிடும்போது. "ஒரு கையில கம்பியப் புடிச்சுக்கிட்டு ஒரு கையில மாட்டணும். உக்காந்து படம் போடறவங்களுக்கு என்னா தெரியும்?"

பெங்களூர் திரும்பியதும் ஸ்டெஃபி அதன் எடையைக் குறைக்க உட்கார்ந்தாள்.

அறைகளை இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது. அலையின் நீளம் இடம் கொடுக்காது. அவள் அந்த வரிசையை நடுவில் மடித்து, ஒரே சுவர் இரு பக்கமும் உதவும்படி இரண்டடுக்காக்கினாள். முதல் மாதிரியில், அனுப்பும் அலை வாங்கும் பக்கம் கசிந்தது. இரண்டாவது, சூடேறியதும் அலைவரிசை நகர்ந்துவிட்டது. மூன்றாவதைப் பட்டறைக்கு அனுப்பிய வாரம், மொரப்பூர் பக்கம் ஒரு டவரிலிருந்து ஃபிராங்க்ளின் விழுந்தான்.

அன்று அவன் கையில் பெட்டியே இல்லை. வேலை முடிந்து இறங்கும்போது, இன்னும் கொஞ்சந்தானே என்று இடுப்புக் கொக்கியை மாட்டாமல் விட்டிருந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. படுக்கைப் புண் வராமலிருக்க ராயம்மாள்தான் ராவும் பகலும் அவனைப் புரட்டிப் படுக்க வைத்தாள்.

மூன்றாவது மாதிரி தேறியது. நாலு கிலோ. ஸ்டெஃபி அனுமதி வாங்கி, அதைத் துண்டில் சுற்றி பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தாள். படுத்தபடியே ஃபிராங்க்ளின் அதை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"லேசா இருக்குதுக்கா. டவர் ஏறற பசங்களுக்கு நல்லது."

"நீ சொன்னதாலதான்டா செஞ்சேன்."

பெட்டி மெல்ல அவன் நெஞ்சுக்கு இறங்கியது. "வாங்கிக்கக்கா. தாங்கல," என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

விழுந்த ஏழாம் மாதம், அப்படியும் வந்த முதுகுப் புண் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவனுக்கு இருபத்தேழு வயது.

சில வாரங்களில் புது டிப்ளெக்சருக்குப் பெரிய ஆர்டர் வந்தது. கேக் வெட்டலாம் என்று மேலாளர் கூப்பிட்டபோது ஸ்டெஃபி லீவு கேட்டாள்.

"அம்மா தனியா இருக்காங்க சார்."

ஊருக்கு வந்தவள் நேராக மானாவாரிக் காட்டுக்குப் போய், ராயம்மாளோடு களை வெட்ட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ராயம்மாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு எழுந்து வேகமாக நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"வூட்டுக்கு. ரெண்டு மணி நேரமாச்சு, அவனத் திருப்பிப் படுக்க..." என்றவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

ஸ்டெஃபி ஓடிப்போய் அம்மாவின் மண் ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள்.