அய்யாவுக்கு வேட்டு போடாத கதை

அய்யா போய் ஒரு வருஷம் ஆகிறது. திவசத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களே, இலை போடும்வரை இதைப் படியுங்கள். அண்ணன் எழுதியிருக்க வேண்டும். அவன் துபாயில் இருக்கிறான். பத்தாவதைத் தாண்டாத நான்தான் உங்களுக்குக் கிடைத்தேன்.

அய்யா பிறந்தது உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, நம் ஊரில். மிளகாய் கருகிய ஒரு வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தார். பீரங்கிப் படை. கார்கில் சண்டையில் எதிரியின் குண்டு பக்கத்திலேயே விழுந்து கூட நின்றவர்கள் சாய்ந்துவிட, மிஞ்சிய ஒருவரோடு சேர்ந்து அய்யா சுட்டுக்கொண்டே இருந்தார். அதற்குத்தான் பதக்கம். இடது காது அங்கேயே போயிற்று.

ஓய்வு பெற்று வந்த அன்று, அய்யாவின் தம்பியான சின்னையா, ஊர் எல்லையில் அதிர்வேட்டு போட்டு வரவேற்றார். முதல் வேட்டுக்கே அய்யா அம்மாவை இழுத்துக்கொண்டு வரப்போரம் குப்புற விழுந்தார். அம்மா இடுப்பில் நான்.

"என்னண்ணே, பட்டாளத்துக்காரரு நம்மூரு வேட்டுக்கே படுத்துட்டீக!" என்றாராம் சின்னையா. ஊரே சிரித்ததாம். அய்யா எழுந்து அம்மாவின் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். அதன்பின் ஊரில் கோயில் கும்பிடுத் திருவிழா வந்தாலே ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறிவிடுவார். பக்தி முற்றிவிட்டது என்று வீட்டில் நாங்கள் கேலி செய்தோம்.

கடைசியாக ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நான் வம்புக்கு இழுத்தேன்.

"என்னய்யா, ஊரே அதிர வேட்டு போட்டு உங்களத் தூக்கவா?"

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்றாதலே. நாங்க சுட்ட குண்டு மலைக்கு அங்கிட்டுப் போயி விழும். யாரு மேல விழுந்துச்சுன்னு ஒருநாளும் பாத்ததில்ல. எங்க மேல விழுந்ததத்தேன் பாத்தேன். கூட நின்னவன கம்பளியில அள்ளித்தேன் எடுத்தோம். அங்கிட்டும் அப்பிடித்தேன அள்ளிருப்பாய்ங்க? வேட்டுச் சத்தம் கேட்டா அந்தக் கம்பளிதேன்டா கண்ணுல நிக்கிது."



அய்யாவை எடுக்கிற அன்று அண்ணனால் வந்து சேர முடியவில்லை, கொள்ளி வைப்பது என் பொறுப்பாயிற்று. சின்னையா வேட்டுக்காரரோடு வந்து நின்றார்.

"பீரங்கி வெடிச்ச மனுசன வேட்டு இல்லாமத் தூக்குறதா? எங்கண்ணன் என்ன அநாதப் பொணமாடா?"

பங்காளிகள் எல்லாம் அவர் பக்கம்.

"வேட்டு போட்டா நான் கொள்ளி வைக்க மாட்டேன், சின்னையா."

"ஏலே, இன்னைக்குமாடா வெளையாட்டு?"

"வெளையாடல, சின்னையா."

அய்யா சொன்னதை எல்லார் முன்னாலும் சொன்னேன்.  சின்னையா பாடையருகே குனிந்து, "தெரியாமப் போச்சேண்ணே" என்றார். வேட்டுக்காரரைப் பார்த்துக் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, தோள் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பார்த்துக்கொண்ட அயித்தைக்கு நன்றி. வேட்டுச் சாக்கை வண்டியிலேயே வைத்துவிட்டுக் கூடவே நடந்த வேட்டுக்காரருக்கு நன்றி. சின்னையா, உங்களுக்கும்தான், முறைக்காதீர்கள்.

மற்ற எல்லாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கல்யாணத்தில்கூட வாயை மூடாத சனம் நாம். அன்று சுடுகாடு வரைக்கும் கொட்டு இல்லை, வேட்டு இல்லை, பேச்சும் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பதக்கத்துக்குப் பிறகு அய்யாவுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.