ஒன்பது சனிக்கிழமைப் படங்கள்

அழகுத்தாய்க்கு இப்போது நாற்பத்தேழு வயது. தேவதானத்தில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் 2009இல் இறந்ததிலிருந்து சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி சுருட்டும் வேலை பார்க்கிறார். எனக்குத் தெரிய, சுற்றிப் பார்ப்பதற்கென்று அவர் போன இடங்கள் இரண்டுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்துக்கு ஒருமுறை, செண்பகத்தோப்புக்கு ஒருமுறை.

ஒரே மகன் சதீஷ். பட்டாளத்தில் இருக்கும் தாய்மாமன் பொறுப்பேற்று, 2023 செப்டம்பரில் அவனை மருத்துவம் படிக்க ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்பினார்.

2024 ஜனவரி 13, சனிக்கிழமை, முதல் படம் வந்தது. ஒரு கோட்டைக்கு முன்னால் சதீஷ் நின்றுகொண்டிருந்தான். கீழே இடத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அதைப் படித்துச் சொல்ல அழகுத்தாய் பக்கத்து வீட்டிலிருந்து என்னிடம் வந்தார். அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார்.

"அண்ணாச்சி, இந்த வாரம் எங்க போயிருக்கான்னு பாருங்க. திங்கக்கெழம வேலைக்குப் போனா, எங்கூடத் துணி சுருட்டுற மாரிக்கனி கேப்பா. போன வாரம் என்ன சொன்னா தெரியுமா? 'ஒம்மவன் டாக்டருக்குப் படிக்கானா, கண்டக்டருக்குப் படிக்கானா, வாரத்துக்கு ஒரு ஊர்ப்பேரு சொல்லுதான்'னு கேக்கா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

படம் வந்த தேதி, நேரம், இடம், சதீஷ் போட்டிருந்த கோட்டின் நிறம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்தேன். முப்பத்தோரு வருடம் மில் டைம் ஆபீசில் வருகைப்பதிவு எழுதிய கை. கோட்டை, பாலம், தேவாலயம், ஏரி என்று எட்டு வாரம் ஓடியது. இடையில் வீடியோவில் மட்டும் அவன் பேசவில்லை. நெட் சரியில்லை என்று சொல்லிவந்தான்.

மார்ச் 9, மாலை 6.40. ஒன்பதாவது படம். பனிமலை, சிவப்புக் கோட்டு. அழகுத்தாய் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வழக்கமாக முகத்தில்தான் நிறுத்துவார். அன்று கையில் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, மொதப் படத்த எடுங்க."

எடுத்தேன்.

"அடுத்தது. எல்லாத்துலயும் இடது கை வெரலப் பாருங்க."

ஆள்காட்டி விரலில் ஒரு கட்டு இருந்தது. ஒன்பது படத்திலும் இருந்தது. கோட்டின் பொத்தான் வரை கவனித்த நான் அதைக் கவனித்ததே இல்லை.

"காயம் இன்னும் ஆறலையோ என்னமோ," என்றேன்.

"காயம் ஆறாம இருக்கலாம். கட்டு எப்படி மாறாம இருக்கும்? ஓரத்துல ஒரு நூலு தொங்குது. எல்லாத்துலயும் அதே நீளம். மருந்துக் கறையும் அதே எடம். நான் குடுத்துவிட்ட துணி இது. ரெண்டு நாளுக்கு மேல தாங்காது."

பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கோட்டுகள் நான்கே. அவையே மாறி மாறி வந்தன. ஒன்பது வார வருகையை இரண்டே நாளில் போட்டிருக்கிறான். அப்படியானால் மற்ற நாள்களில் இவன் எங்கே இருந்தான்?

அழகுத்தாய் அங்கேயே போன் போட்டார்.

"ஏலே, வீடியோல வா."

"நெட்டு இல்லம்மா."

"போட்டோ அனுப்ப மட்டும் நெட்டு இருக்கோ? வாலே."

பிறகு முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அறைத்தோழன் பிரேம்குமார் தலையைக் குனிந்து நின்றான். கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது.

ஜனவரி 6, 7, சனியும் ஞாயிறும், கூடப் படிக்கும் நான்கு பேர் கார் பிடித்துச் சுற்றியிருக்கிறார்கள். ஒருவர் கோட்டு ஒருவர் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். கடைசியாகப் பனிமலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய துணி ஷூவோடு சதீஷ் மேலே போயிருக்கிறான். இறங்கும்போது மற்றவர்களைத் தவறவிட்டு, கடைசி ரோப்காரும் போய்விட, ஐந்து மணி நேரம் பனியில் தனியாக நடந்திருக்கிறான்.

"கால் மரத்துப் போச்சும்மா. வலிக்கல. வலிக்கலன்னா சரியாயிருச்சின்னு நெனச்சுத் தூங்கிட்டேன். காலையில வெரலு கறுத்துப் போயிருந்துச்சி."

"எந்த வெரலு?"

பிரேம்குமார் போனைக் கீழே இறக்கிக் காட்டினான். இடது காலில் கட்டு. ஐந்து விரல் இருக்க வேண்டிய அகலம் அதில் இல்லை.

"மூணு எடுத்துட்டாங்கம்மா. நீங்க பயப்படுவீங்கன்னு இவன்தான் சொல்ல விடல. அந்த ரெண்டு நாள் படத்தையே வாரம் ஒண்ணா அனுப்பிட்டிருந்தான்," என்றான் பிரேம்குமார்.

அழகுத்தாய் அழவில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

"நடக்க முடியுதால?"

"முடியும்மா."

"வாயால சொல்லாத. எந்திரி. நடந்து காட்டு."

சதீஷ் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்தான். மேஜையைப் பிடித்தான். பிறகு அதையும் விட்டான். உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது, விழவில்லை. கதவு வரைக்கும் பதினோரு எட்டு.

"திரும்பி வா," என்றார் அழகுத்தாய். "பையப் பைய. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."