நியூரோ வார்டு ரெனிதா

தொழிற்பேட்டை எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இது எந்த ஊர் என்று யாரையாவது கேட்கலாமா என்பது போல நிற்கிறாள் ரெனிதா. அயனம்பாக்கத்தில் இறங்கியிருக்க வேண்டியவள். பூந்தமல்லிப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் அவளுக்கு ஸ்டாப் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கண்டக்டர் படியில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறார். "இன்னா சிஸ்டர், உன் ஸ்டாப்பு அப்பவே பூட்ச்சி! நானும் கூவிக்கினே வரேன், நீ பாட்டுக்கு வெளிய பாத்துகினு கீறே. தூங்கினாலும் தட்டி எழுப்பலாம். கண்ண தொறந்துகினு இருக்கறவள இன்னாத்த எழுப்பறது?"

"ஸாரிண்ணா, வேற ஒரு எடத்துல இருந்தேன்" என்று சிரிக்கிறாள்.

என் பட்டறை அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். துடைப்பம் பிடித்துப் பட்டறைக்குள் நுழைந்த கையால் லேத் பிடித்து, இன்றைக்குச் சொந்தத்தில் பட்டறை, அயனம்பாக்கத்தில் மாடி வைத்த வீடு. இரும்பு மயிரிழை பிசகினாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவேன். இன்ஜினீயர்கள் என் விரலைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவன் வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிற ஆட்கள் குறைவு. அதில் இந்தப் பெண் ஒருத்தி. என் மாடியில் குடியிருக்கும் ஞானசௌந்தரியின் மகள். சென்னீர்குப்பம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளைக்கும் நரம்புக்கும் வைத்தியம் பார்க்கிற நியூரோ வார்டில் நர்ஸ். சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தினமும் யாராவது அவளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பாதி நாள் அது என் ஸ்கூட்டர்.

ஏறுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. "அங்கிள், ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. உள்ளங்கை மேல. இப்ப கண்ண மூடுங்க." நடுரோட்டில் நான் பிச்சை கேட்பவன் மாதிரி நிற்பேன். மூளையில் ஏதாவது கோளாறு இருந்தால், கண் மூடியிருக்கும்போது ஒரு கை தானாகக் கீழே இறங்குமாம், ஆளுக்கே தெரியாதாம். பால்காரர், மாதா கோயில் உபதேசியார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்று எங்கள் தெருவில் அவளிடம் கை நீட்டாதவர் இல்லை. "உங்க கை அசையவே மாட்டேங்குது அங்கிள்" என்பாள். லேத் பிடித்த கை, எப்படி அசையும்?

பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், கருவிழியைப் பார்ப்பாள். வெளிச்சம் பட்டால் அது சுருங்குகிறதா, இரண்டும் ஒரே அளவா என்று. ஆரம்பத்தில் என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "இன்னாங்க அப்படி முறைக்கிறா" என்றாள். பிறகு பழகிவிட்டது. இப்போது அவள் மாடிப்படி இறங்கி வந்தால் என் மனைவியே கண்ணை விரித்துக் காட்டிவிட்டுத்தான் வெங்காயம் நறுக்கப் போகிறாள்.

ஏரிக்கரை வந்ததும் வண்டியை மெல்ல ஓட்டச் சொல்வாள். நைட் டியூட்டி முடிந்து வரும் காலையில் தண்ணீர்மேல் புகை மாதிரி பனி நிற்கும். எதிர்க்கரை அடுக்குமாடிகள் பாதிக்கு மேல்தான் தெரியும், அடியில்லாமல் மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டு மூளையைப் பற்றிப் பேசுவாள். "ஒரு ரோடு அடைஞ்சுதுன்னா மூளை சும்மா நிக்காது அங்கிள். சந்து பொந்துலாம் தேடும். நம்ம வேலப்பன்சாவடியில டிராபிக் நின்னா ஷேர் ஆட்டோ எங்கெங்கயோ பூந்து போவும் பாருங்க, அந்த மாதிரி. பேச்சு போன ஒரு அம்மா, ஒரு மாசம் கழிச்சு முதல் வார்த்தை சொன்னாங்க. என்னா தெரியுமா? 'காபி ஆறிடுச்சு'ன்னாங்க. நான் அழுதுட்டேன்."

அவளுக்கு ஒரு கனவு. அதற்குப் படிக்கட்டு மாதிரி கணக்கும் வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் புதிதாக ஸ்ட்ரோக் யூனிட் திறக்கிறார்கள். வாதம் வந்து விழுந்த ஆளை ஆம்புலன்ஸ் கொண்டுவரும்போதே வாசலில் நின்று வாங்கி, ஸ்கேனுக்கு ஓட்டிக்கொண்டு போகிற இடம். புது நர்ஸ்களில் ஒருத்திக்குத்தான் அங்கே இடம். அதில் நுழைந்துவிட்டால் நியூரோ நர்ஸிங்கிலேயே மேற்படிப்புக்கு ஆஸ்பத்திரி அனுப்பும். படித்துத் திரும்பினால் யூனிட்டையே நடத்தலாம். "டாக்டர் வர்றதுக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன் அங்கிள். அந்த முதல் நிமிஷம் என்னுது." அதைச் சொல்லும்போது என் ஸ்கூட்டரில் ஆள் உட்கார்ந்திருக்கிற கனமே தெரியாது.

ஞானசௌந்தரிக்கு வேறு எண்ணம். அவள் தம்பி டேவிட், ஜெர்மனிக்கு நர்ஸ்களை அனுப்பும் ஒரு கம்பெனியில் ஆள் பிடித்து வைத்திருக்கிறான். இங்கே பாஷை படிக்க வேண்டும், பிறகு விமானம். அங்கே எந்த வார்டு கொடுப்பார்களோ அந்த வார்டு. "மூளையாம் மூளை! ஒங்கிட்ட இருந்தா ஸ்டாப்புல எறங்கியிருப்பியே" என்பாள் ஞானசௌந்தரி. எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைத்து மகளைப் படிக்க வைத்தவள். அவள் பேச்சுக்கு ஒரு உரிமை உண்டு. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஸ்ட்ரோக் யூனிட் கிடைத்தால் ரெனிதா இங்கே. கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு டேவிட் சொன்ன வகுப்பு.

அந்த இடம் யாருக்கு என்று முடிவு செய்கிற வாரத்தில் என் சிநேகிதன் முகமது இஸ்மாயில் அந்த வார்டில் வந்து படுத்தான். பூந்தமல்லியில் டயர் கடை வைத்திருப்பவன். கடையில் வழுக்கி விழுந்து மண்டையில் அடி. உள்ளே கொஞ்சம் ரத்தக் கசிவு. ஆபரேஷன் தேவைப்படாமலும் போகலாம், கவனித்துப் பார்ப்போம் என்று வைத்திருந்தார்கள். கவனிப்பது என்றால் என்ன? நர்ஸ் வந்து நாலு கேள்வி கேட்பாள். உங்க பேர் என்ன? இப்ப எங்க இருக்கீங்க? இது என்ன மாசம்? உங்களை யார் கூட்டிட்டு வந்தது? பதில் தடுமாறினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

நான் மூன்றாம் நாள் மாலையில் பார்க்கப் போனேன். முதல் லேத்தை நான் எப்படி வாங்கினேன் என்ற கதையைச் சொன்னேன். வழக்கமாக நடுவில் வெட்டிப் பேசுகிறவன், அன்று கையைக் கட்டிக்கொண்டு முழுதும் கேட்டான். பக்கத்துக் கட்டிலில் முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து தமிழரசு என்ற ஆட்டோ டிரைவர். "பாய் சூப்பரா கீறாரு அண்ணாத்தே. டெய்லி எல்லாத்துக்கும் கரீட்டா பதில் சொல்றாரு" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

ரெனிதா வந்தாள். வீட்டில் பார்க்கிற பெண் இல்லை. தலைமுடி இறுக்கி, நடை வேகம். ஆனால் கண் மட்டும் அதே கண். ஜன்னலுக்கு வெளியே பெங்களூர் ரோட்டில் வண்டி விளக்குகள் வரிசையாக ஏற ஆரம்பித்திருந்தன. ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கிட்டே வந்து கொண்டிருந்தது. அவள் அதோடு போய்விட்டாள், அந்த வாசலுக்கு, அந்த முதல் நிமிஷத்துக்கு. எனக்குத் தெரிந்தது, எத்தனை தரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். அப்படியே, வெளியே பார்த்தபடி, முதலில் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்டாள்.

"பாய், இது என்ன மாசம்?"

"முகமது இஸ்மாயில்."

தமிழரசு சிரித்தார். "பாய் படா உஷாரு. கேக்கறதுக்கு முன்னாடியே பேர சொல்லிகினாரு."

ரெனிதா சிரிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள். "பாய், உங்க பேர் என்ன?"

"ஆஸ்பத்திரி."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவள் குனிந்து கருவிழியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். இடது கை, இலை தண்ணீரில் இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல் கீழே இறங்கியது. இஸ்மாயில் முகத்தில் அது தெரியவே இல்லை.

"தமிழரசண்ணா, இவருக்குப் பதில் சொல்லிக் குடுத்தீங்களா?"

தமிழரசுக்கு முகம் செத்துவிட்டது. "பாய் பயந்துகினாரு சிஸ்டர். தப்பா சொன்னா மண்டைய தொறந்துடுவாங்களான்னு கேட்டாரு. பேரு, ஆஸ்பத்திரி, மாசம், மருமவன்... இப்டி வரிசையா சொல்லிடு, ஊட்டுக்கு அனுப்சிடுவாங்கன்னு நாந்தான்..." அவர் முடிப்பதற்குள் அவள் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடியிருந்தாள். ஸ்கேனில் கசிவு பெரிதாகியிருந்தது. உடனே கொண்டுபோய் மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். மறுநாள் காலை இஸ்மாயில் கண்விழித்து என்னைப் பார்த்துச் சொன்னது, "சம்பத்து, அந்த லேத்து கதைய மட்டும் எடுத்துடாதே." பிழைத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

அன்று காலை வராந்தாவில் வார்டு இன்சார்ஜ் எழிலரசி சிஸ்டர் எல்லாரையும் நிற்கவைத்து விசாரித்தார். டாக்டர் ரெனிதாவைப் பாராட்டி முடித்திருந்தார். அதோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஸ்ட்ரோக் யூனிட் அவள் கையில். என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். என்னை அவள் எதற்கும் கேட்பதில்லை.

"சிஸ்டர், முந்தாநாளும் அதுக்கு முந்தின நாளும் என் டியூட்டியில நான் ஒரே வரிசையிலதான் கேட்டேன். நல்லா இருக்காருன்னு எழுதினேன். அப்பவே அவர் மனப்பாடமா சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது."

"நேத்து மாத்திக் கேட்டியே, அது?"

"வேணும்னு மாத்தலை சிஸ்டர். நினைப்பு வேற எங்கயோ இருந்துச்சு."

எழிலரசி சிஸ்டர் திட்டவில்லை. "நீ கண்டுபிடிச்சது எனக்குச் சந்தோஷம். கண்டுபிடிக்காத ரெண்டு நாளுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றார். யூனிட்டுக்கு ஜாஸ்லின் என்ற வேறொரு பெண் பெயர் போயிற்று. "அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது வா" என்று மட்டும் ரெனிதாவிடம் சொன்னாராம். அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்த வார்டில் கேள்விகளை ஒரே வரிசையில் யாரும் கேட்பதில்லை என்று தமிழரசு டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னிடம் சொன்னார்.

விஷயம் வீட்டுக்கு வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த ஞானசௌந்தரி மாடிப்படியில் போனோடு நின்றாள். டேவிட் லைனில் இருந்தான். வகுப்பு திங்கள்கிழமை ஆரம்பம். நான் கீழே ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தேன். ரெனிதா தண்ணீர்த் தொட்டியருகே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மாமா கேக்கறாருடி. பேசினபடிதானே? நாளைக்கு டியூட்டிக்கு வரலைன்னு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிடறியா?"

பிரஷ் தேய்க்கிற சத்தம்தான் வந்தது.

"ஒன்னத்தான்டி. ஜோசியமா பாக்கறே அந்தத் தண்ணியில? லைன்ல கீறாரு, இன்னான்னு சொல்ல?"

ரெனிதா எழுந்தாள். கையில் அவள் டியூட்டிக்குப் போட்டுப் போகும் வெள்ளை ஷூக்கள், நுரை வழிந்துகொண்டு. நிதானமாக அலசினாள். வடிவம் கெடாமல் இருக்க உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்தாள். அம்மாவைத் தாண்டி மொட்டைமாடிக்கு ஏறிப்போய், வெயில் எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கும் என்று வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டையும் கைப்பிடிச் சுவர்மேல் காய வைத்தாள்.