தசரதன் கேட்ட எட்டு மணி நேரம்

மண்டி வாசலில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்ததும் தசரதன் முதலில் செய்வது மணி எழுதுவது. தினக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று சட்டைப் பையில் இருக்கும். கைக்கடிகாரம் கிடையாது. டீக்கடைக்காரரிடம் கேட்டு, வந்த மணி, மூட்டை இறக்க ஆரம்பித்த மணி, இறக்கி முடித்த மணி என்று தாளின் பின்பக்கத்தில் கோணல்மாணலாக எழுதுவார். கடைசியில் மண்டி வாட்ச்மேனிடம் நீட்டி, "ஒரு கையெழுத்து போட்டு வுடு அண்ணாத்தே" என்பார்.

ஆரணியில் அரிசி ஆலை ஒன்றின் லாரி ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. வலது முழங்கை மட்டும் இடதைவிடப் பல மடங்கு கறுப்பு. ஜன்னலில் வைத்து வைத்து வெயில் தின்ற கை. பீடி, வெற்றிலை இரண்டும் இல்லை. கொத்தமல்லி விதையை வாயில் அடக்கிக்கொண்டு மெல்லுவார். ஏதாவது கேட்டால், பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல ஒரு தடவை பக்கவாட்டில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவர் தெருவிலேயே நான் குடியிருந்தேன். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் தெருவில் யாருக்கும் மனு எழுதவேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

அவருடைய முதலாளி வேணுகோபால், மணிக்கணக்கில் கூலி கொடுப்பவர். மணிக்கு ஒன்றேகால் ரூபாய். எது மணி என்பதில்தான் தகராறு. சக்கரம் சுற்றினால் கூலி உண்டு, நின்றால் இல்லை. சென்னை மண்டியில் ஆறு மணி நேரம் வரிசையில் நின்றால் அந்த ஆறும் கணக்கில் வராது. "வண்டி நிக்குது, நீ சீட்ல படுத்துகினு கீற. படுத்ததுக்கு இன்னாய்யா கூலி?" என்பார் முதலாளி. இப்படியே ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வண்டியோடு கிடந்துவிட்டு எட்டு, ஒன்பது மணி நேரத்துக்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு வருவார் தசரதன்.

அவருக்கு ஒரே பெண், அபிதகுசாம்பாள். வீட்டில் அபிதா. மனைவி தனக்கோடி பட்டு நெய்கிறவர். மகள் எழுவதற்கு முன் கிளம்பி, தூங்கிய பின் திரும்புகிற தகப்பன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வந்ததும் பாயில் கிடக்கும் குழந்தையைக் காலிலிருந்து தலை வரைக்கும் சாண் போட்டு அளப்பார். "நாலு சாண் இருந்துது சார். அப்புறம் அஞ்சு. ஏழு சாண் ஆனதும் வுட்டுட்டேன், பெரிய பொண்ணாச்சே" என்று ஒருநாள் சொன்னார். பிறகு பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "தூங்குற மூஞ்சி தான் சார் எனக்கு நல்லா தெரியும். முழிச்சிகினு எப்டி பேசும், எதுக்கு சிரிக்கும், அதெல்லாம் அவங்கம்மாவ தான் கேக்கணும்" என்றார்.

எழுபத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் தொழிலாளர் சட்டத்தைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை வேலூரிலிருந்து வாங்கி வந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் ஓட்டினால் இரட்டிப்புக் கூலி. முதலாளியின் உத்தரவுக்காகக் காத்து நிற்பதும் வேலைதான். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"ரெட்டிப்பு குடுக்க எந்த மொதலாளிக்கு சார் மனசு வரும்?"

"வராதுதான்."

"அப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்க மாட்டாரு. ஊட்டுக்கு போடான்னுடுவாரு, இல்ல?"

காலண்டர் தாளில் மணி எழுதத் தொடங்கியது அந்த வாரம்தான். அதே ஆலையில் ஓட்டிய சடையன் பயந்தார். "கீற வேலையும் பூடும்ணே" என்று மனுவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தசரதன் ஒரு நாள் லீவு போட்டு, கண்ணமங்கலம் வழி பஸ்ஸில் வேலூர் போய், நான் எழுதிய மனுவைத் தொழிலாளர் அலுவலகத்தில் தனியாகவே கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனார். அதிகாரிகள் மாறினார்கள். ஃபைல் காணாமல் போய்க் கிடைத்தது. கையெழுத்தான தாள்கள் ஒரு டால்டா டின் நிறையச் சேர்ந்தன.

எண்பத்தொன்று ஆவணியில் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் ஆலைக்கே வந்தார். முதலாளியின் பதிவேட்டில் எல்லா டிரைவரும் எல்லா நாளும் சரியாக எட்டு மணி நேரம் ஓட்டியிருந்தார்கள். தசரதன் டின்னைக் கவிழ்த்தார். இன்ஸ்பெக்டர் பத்துத் தாள்களைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். பாக்கி எவ்வளவு என்று கேட்டபோது தசரதன், "பாக்கி கெடக்கட்டுங்க. இனிமேட்டு நின்னாலும் மணின்னு எழுதுங்க, அது போதும்" என்றார்.

உத்தரவு வந்தது. மூன்று மாதப் பாக்கி கைக்கு வந்தது. சடையனும் மற்றவர்களும் இரட்டிப்பு வாங்க ஆரம்பித்தார்கள். தசரதன்மேல் இருந்த கோபத்தில் முதலாளி அவரைச் சென்னை லைனிலிருந்து இறக்கி, வந்தவாசிப் பக்கம் நெல் ஏற்றி வரும் வண்டியில் போட்டார். பேட்டா போயிற்று. "அஞ்சரைக்கு சாவிய குடுத்துட்டு ஊடு போய் சேரு" என்றார். தண்டனையாகத்தான் சொன்னார்.

முதல் நாள் ஆறு மணிக்கே வீட்டில் நுழைந்தவரைப் பார்த்துத் தறியிலிருந்து தனக்கோடி, "இன்னா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டாராம். இரண்டாம் நாள், "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" மூன்றாம் நாள் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார். தசரதன் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் வேறு சத்தமில்லை. அபிதாவுக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. உத்தரவு மூன்று மாதம் பிந்திவிட்டது.

"ஜல்தியா வந்து இன்னா சார் பண்றது" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். "அவ பேசறத கேக்கறதுக்கு தான் இவ்ளோ பேஜாரும் பட்டது."

அடுத்து வந்த தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு வந்தவாசியில் ஒரு வேலை. அவர் வண்டியிலேயே போய், அதே வண்டியில் திரும்புவதாக ஏற்பாடு. அன்று நெல் ஏற்றும் களம் வந்தவாசிக்குப் பக்கத்தில், அபிதாவின் புகுந்த ஊரில் இருந்தது. என் வேலையை முடித்துக்கொண்டு நானும் அங்கே வந்துவிட்டேன். லாரி வந்துவிட்டது என்று யாரோ சொல்லி, அவள் தூக்குச்சட்டியில் கூழோடு வந்தாள். தசரதன் கொத்தமல்லி விதையைத் துப்பிவிட்டு, டயர் பக்கத்தில் குந்தி, கூழைக் குடித்தார். அவள் நின்றபடியே பேசினாள். மாமியாரின் பல்வலி, கிணற்றில் விழுந்து மேலே ஏறிய கன்றுக்குட்டி, தையல் கற்றுக்கொடுக்கும் டீச்சரின் மூக்குக் குரல். டீச்சரைப்போல மூக்கால் பேசிக் காட்டிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தசரதன் பக்கவாட்டில் பார்க்கவே இல்லை. சட்டி காலியான பிறகும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலரைக்கு மூட்டை எல்லாம் ஏறிவிட்டது. தார்ப்பாயை விரித்துக் கயிறு போட்டு இறுக்கினார்கள். தசரதனும் ஒரு பக்கம் நின்று இழுத்துக் கடைசி முடிச்சைப் போட்டார்.

"அவ்ளோதான், கெளம்பு தலைவரே" என்றார் மூட்டை ஏற்றிய ஆள்.

"நீ கெளம்பு நைனா, இருட்டிடப் போவுது" என்றாள் அபிதா. பிறகு, "அந்தக் கன்னுக்குட்டி மேல வந்ததும் இன்னா பண்ணுச்சு தெரியுமா, அத சொல்லவே இல்ல பாரு" என்றாள்.

தசரதன் கயிற்றைப் பார்த்தார். விரல் நுழையாத இறுக்கம். "இது தொளதொளன்னு கீதே" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்து, கயிறு முழுவதையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் கொக்கியிலிருந்து மெதுவாகக் கட்டத் தொடங்கினார்.