திருநெல்வேலியிலிருந்து கவுகாத்திக்கு ஒரே பகலில்

சென்ற கார்த்திகையில் நானும் அம்மாவும் கவுகாத்திக்குப் போனோம். அங்கே கல்லூரியில் பாடம் நடத்தும் என் தங்கை செல்வி, கூட வேலை பார்க்கும் அசாம்காரரைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்திருந்தாள். அப்பாவுக்கு மாப்பிள்ளை மேல் குறையில்லை, தூரம்தான் குறை. “ஒரு நல்லது கெட்டதுன்னா ஓடி வர முடியுமா? நம்ம வீட்ல இருந்து யாரும் போவண்டாம்” என்று முடித்துவிட்டார்.

ஒரு மாதம் அப்பாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த அம்மா, கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அடுக்களையிலிருந்து வந்தார். “ஏட்டி, அவிய வரலைன்னா இருக்கட்டும். எம் பிள்ள கல்யாணத்துல நான் நிக்கணும். டிக்கெட் போடு.”

ரயிலில் போனால் மூன்று நாள் ஆகும், கல்யாணமே முடிந்திருக்கும். ஆகவே தூத்துக்குடியிலிருந்து சென்னை, அங்கிருந்து கவுகாத்தி என விமானத்தில் ஒரே பதிவாகப் போட்டேன். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளம் எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர், காரில் முக்கால் மணி நேரம். இறக்கிவிட்ட கார் டிரைவர், “பைய இறங்குங்க அம்மா. முட்டு வலின்னா சக்கர நாற்காலி கேளுங்க, சும்மாவே தருவாவ” என்றார்.

“எனக்கு நடக்கத் தெரியாதாக்கும்” என்று அம்மா விறுவிறுவென முன்னால் போனார்.

மழை மேகத்தால் விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். சென்னைக்குப் பறக்கும் நேரம் ஒன்றரை மணிதான். ஆனால் இறங்கியபோது அடுத்த விமானத்தின் கதவை மூட அரை மணி நேரம்கூட இல்லை. நாலு எட்டு வைத்ததும் அம்மா நின்றார். “அந்த நாற்காலியக் கேளு. கவுரவம் பாத்தா கல்யாணம் போயிரும்.” ஊழியர் தள்ள, நான் பையோடு பின்னால் ஓடினேன். கடைசி ஆளாக ஏறினோம்.

சென்னையிலிருந்து கவுகாத்தி ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இறங்கும்போது வெளியே இருட்டு. “மணி அஞ்சேகால்தான ஆவுது, அதுக்குள்ள ராத்திரியா?” என்றார் அம்மா. கிழக்கே அவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. வாசலில் நின்ற செல்வி அம்மாவைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் மட்டும் வருவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

மறுநாள் மண்டபத்தில் பெண் வீட்டுப் பக்கம் நாங்கள் இருவர் மட்டுமே. வரிசையாகக் காலி நாற்காலிகள். அம்மா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா தன் அக்கா தங்கைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து அமர்ந்தார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு அம்மாக்களும் கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: இரண்டு விமானத்துக்கும் ஒரே பதிவாகப் போடுங்கள், இணைப்பு தவறினாலும் மாற்றித் தரக் கேட்கலாம். கைப்பையோடு போனால் சாமானுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் சென்னையில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

அப்பா இன்னும் அந்தப் பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. திரும்பும் விமானத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: “செல்வி பிள்ளப்பேறுக்கு நான் மூணு மாசம் அங்கன போயி இருக்கணும். அதுக்கு ஒருவழி டிக்கெட் போட்டாப் போதும்.”