பொட்டுக்குக் கீழே ஒரு குரல்

அம்மாவின் அப்பா ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தானே செய்தவர். இலங்கையில் முதன்முதலாகச் செய்தவர் அவர்தான் என்று எங்கள் உறவினர் சொல்வார்கள். அதற்கு இரண்டாவது ஆதாரம் கிடைக்காததால், பத்திரிகைக்காரனான நான் அப்படி எழுதுவதில்லை. அவருடைய அப்பாவும் பாட்டனும் யாழ்ப்பாணத்தில் நகைத்தொழில் செய்தார்கள். அவர் அந்த வேலையை விட்டாலும் அவர்களின் சிற்றுளியை விடவில்லை. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கித் தகட்டில் ஊற்றி, அந்த உளி முனையைத் தேய்த்து ஊசியாக்கி, ஒலியை அதில் வெட்டினார். கருவி போரில் போய்விட்டது. ஒரு தட்டு மட்டும் சேலைகளுக்கிடையே நாங்கள் குடியேறிய பிளாக்டவுன் வரை வந்தது.

அம்மா நடை பழகும் முன்பே அவர் இறந்துவிட்டார். முகத்துக்குப் படம் இருந்தது. குரல் எப்படியென்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.

சாதாரண கிராமபோனில் போட்டால் அந்த மெழுகு கெட்டுவிடும் என்று யாரோ எச்சரித்ததால் நாங்கள் அதை ஒருபோதும் ஓடவிட்டதில்லை. அம்மா அதற்கு வேறு வேலை கொடுத்திருந்தார். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் புத்தகங்களோடு அதையும் வைத்து, நடுவில் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் இடுவார்.

சென்ற ஆண்டு மெல்பேர்னில், ஒரு பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்தில், ஊசி படாமல் ஒளியால் பள்ளங்களைப் படிக்கும் கருவி இருப்பதாக அறிந்தேன். விமானத்தில் தட்டை அம்மா மடியிலேயே வைத்திருந்தார். கருவியை இயக்கியவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி.

முதலில் வந்தது நாதஸ்வரம். இரைச்சலுக்குள்ளும் தவில் தெளிவாகக் கேட்டது. தாத்தாவின் கருவி வேலை செய்திருக்கிறது. ஆனால் தட்டு முடியும்வரை அதில் ஒருவர் குரலும் வரவில்லை.

"அப்பா கதைக்கேல்லையே," என்றார் அம்மா.

மாணவி திரையைக் காட்டினார். "இவர் நடுவுல ஆரம்பிச்சு வெளியே வெட்டியிருக்கார், ஆன்ட்டி. ஆரம்பம் மட்டும் படிக்க முடியல. மேல ஏதோ காஞ்சு ஒட்டியிருக்கு. என்ன அது?"

"சந்தனம், பிள்ளை."

"சந்தனமா?"

"நான்தான் வச்சனான். எல்லா வருசமும்."

கிண்ணத்தை நடுவில் தொடங்கி விளிம்பு நோக்கிச் செதுக்குவது நகைத்தொழிலாளர் வழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் அவர் தட்டையும் வெட்டியிருக்க வேண்டும். அந்த நாட்களில் பதிவு செய்பவர்கள் தொடக்கத்தில்தான் இரண்டு வார்த்தை பேசுவார்கள். பேசியிருந்தால், அது பொட்டுக்குக் கீழே இருந்தது.

நனைத்துத் துடைக்கலாம் என்றார் மாணவி. மெழுகும் சேர்ந்து உரிந்து வரலாம். வந்தால் அந்தப் பகுதி போய்விடும்.

"விடுவம், அம்மா," என்றேன். "நாதஸ்வரமாவது இருக்கே."

"நாதஸ்வரம் கேக்கவோ இவ்வளவு தூரம் வந்தனான்?" மாணவியிடம் திரும்பினார். "துடை, பிள்ளை. இவன் பேப்பர்காரன், எல்லாத்துக்கும் யோசிப்பான்."

மாணவி பஞ்சைச் சிறு துணுக்குகளாக நனைத்து ஒற்றி எடுத்தார். பஞ்சு முதலில் சிவப்பாகவும் பிறகு மஞ்சளாகவும் வந்தது. ஓரிடத்தில் மெழுகும் செதிலாக எழுந்தது. மாணவி கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தொடரும்படி தலையசைத்தார்.

மறுபடி படித்தபோது இரைச்சல், மெழுகு உரிந்த இடத்தில் ஒரு வெட்டு, பிறகு ஓர் ஆண் குரல். நான் நினைத்ததைவிட மெல்லியது, அவசரமானது.

"...ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ. ஊசி எழுதுது."

அவ்வளவுதான். உடனே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அழவில்லை. கதிரையை ஒலிபெருக்கிக்கு அருகே இழுத்தார்.

"கண்டிப்பான ஆள்," என்றார். "இன்னொருக்கால் போடு, பிள்ளை."

அதையும் கேட்டார். மூன்றாம் முறைக்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ மூச்சு விடுறது கேக்குது. கொஞ்சம் வெளியில போய் நில்."

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.