கஸ்தூரி அக்கா உட்கார்ந்த நாற்காலி

கஸ்தூரி அக்கா இறந்துவிட்டார் என்பதை, நான் வேலை செய்யும் ஜவுளிக்கடை வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்காவின் படத்தைவிட முதலாளி கும்பிடும் படம் பெரிதாக இருந்தது. ‘எங்கள் புகார்க் குழுவின் தூண்’ என்று போட்டிருந்தார்கள். அந்தத் தூணைப் பிடுங்கிப் போட்டதே இவர்கள்தான்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கீழ்பென்னாத்தூரில் பெண்களுக்கான உதவி மையம் நடத்தியவர். வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை என்று ஒரு பெண் புகார் கொடுத்தால், விசாரிக்கும் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கடையில் அந்த வெளி உறுப்பினர் அக்கா. புகார் கொடுத்தவள் நான். சேலைப் பிரிவு மேலாளர் ஸ்டாக் ரூமில் என் இடுப்பில் கை வைத்தார்.

விசாரணையைப் பௌர்ணமியன்று வைத்தார்கள். கிரிவலக் கூட்டத்தில் வெளியூர் பஸ் எங்கள் ஊருக்குள் வராது, கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா வந்து சேரமாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அவர் இல்லாமலே ஆரம்பித்தார்கள். நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். “நான் ஸ்டாக் ரூம் பக்கமே போகலீங்க” என்றார் மேலாளர். குழுத் தலைவியான கணக்குப் பிரிவு மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எல்லாம் முடிகிற நேரத்தில், வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, திண்டிவனம் ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்.

“வெளியாள் இல்லாம நீங்களே விசாரிச்சா அது விசாரணையா? முதல்லருந்து ஆரம்பிங்க” என்றார். எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. மறுபடியும் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதா? அக்கா என்னைப் பார்த்தார்.

“நீ எதுவும் சொல்லவேணாம்மா. எழுதிக் குடுத்தது போதும். அவரு சொல்லட்டும்.” பிறகு மேலாளரிடம், “ஸ்டாக் ரூம்ல அன்னிக்கு பல்பு எரிஞ்சிதாங்க?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“எங்கீங்க எரிஞ்சிது? இருட்டுல தெரியாம கை பட்டிருக்கும்.”

தலைவி எழுதுவதை நிறுத்திவிட்டார். அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்து, “பக்கமே போகலைனு இங்க எழுதியிருக்கே” என்றார். அக்காவுக்கு வைத்த பொறியில் அவர்களே விழுந்தார்கள்.

முதலாளி ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்தார். அக்கா தொடவில்லை. “முடிவு எழுதற வரைக்கும் இங்க கை நனைக்க மாட்டேங்க” என்றார். “பொண்ணு பேரு கெட்டுடுமேம்மா, சமாதானமா போயிடலாமே” என்று இழுத்தார் முதலாளி. “சமாதானம் வேணும்னு அந்தப் பொண்ணு கேக்கணும். நீங்க கேக்கக் கூடாது. இந்த ரூம்ல உங்க சம்பளம் வாங்காதவ நான் ஒருத்திதான். அதுக்குத்தான் சட்டம் என்னை இங்க உட்கார வெச்சிருக்கு.”

மேலாளருக்கு வேலை போயிற்று. அடுத்துக் குழுவை மாற்றியபோது அக்காவுக்கும் இடம் போயிற்று. அவருக்குப் பதில் வெளி உறுப்பினராக வந்தவர் முதலாளியின் மைத்துனி! கேட்டதற்கு, “பாவம், அந்தம்மா பஸ்ல வந்து ஜாஸ்தி கஷ்டப்படுறாங்க” என்றார் முதலாளி. எவ்வளவு கரிசனம்! போனில் நான் அழுதபோது அக்கா அதட்டினார்: “எனக்காக அழாத. அந்த நாற்காலில யார உட்கார வெக்கிறாங்கனு பாரு.”

நேற்று கடையில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைத்துனி முதல் வரிசையில் இருந்தார். “இவங்க யாருக்கு வெளியாளுங்க?” என்று முதலாளியைக் கேட்டேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

குழந்தைகள் துணிப் பிரிவில் ஒரு பெண் இப்போது புகார் கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரம் விசாரணை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது கோபம்தான். அதை அவளுக்கும் கொடுத்துவிட்டேன். உண்மையான வெளியாள் வந்து உட்காரும்வரை அந்த அறையில் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.